ஆணாக மாறும் பெண் மீன்... அதற்கும் ஒரு டூப்! தெரியுமா?

தென்காசி மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது! சங்கரன்கோவிலில் பஸ் ஏறினால் கோவில்பட்டி தாண்டி, சுமார் 100 கி.மீ. போனால்தான் தூத்துக்குடிக் கடல். அதையும் கடந்து இலங்கை, அந்தமான், நிக்கோபார் பவளப்பாறைகளுக்குள் எட்டிப் பார்த்தால்... அடேயப்பா, ஐபிள் ஏஞ்சல் மீன்!

எவ்வளவு நீளம் தெரியுமா? அதிகபட்சமே 15 செ.மீ.! ஒரு சாண்கூடக் கிடையாது. சாம்பல் உடம்பில் மேலிருந்து கீழாக ஆரஞ்சு நெளிகோடுகள், கண்ணைச் சுற்றி ஆரஞ்சு வளையம், கன்னங்கரேல் என்று வால், அதன் ஓரத்தில் நீலக் கீற்று!

பெயர் யாருடையது? ஆஸ்திரிய விலங்கியலாளர் ஐபிள்-ஐபஸ்ஃபெல்டுடையது. 1957-58இல் ‘ஸாரிஃபா’ கப்பலில் மாலத்தீவு, நிக்கோபார் என்று சுற்றியவர். 1963இல் மீனுக்குப் பெயர் வைத்தவர் கூடவே கப்பலில் போன கிளாஸ்விட்ஸ்!

இந்த மாதிரிக் குள்ள ஏஞ்சல் மீன்கள் முதலில் எல்லாமே பெண்கள்தான், தெரியுமா? 3 முதல் 7 மீன்கள் வரை ஒரு குடும்பம். அதில் ஒரே ஓர் ஆண்! அது செத்துப்போனால்? இருக்கிற பெண்களில் பெரியது சில வாரங்களில் ஆணாகவே மாறிவிடும்!

முட்டை? ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை! பொழுது சாயும் நேரத்தில் ஜோடியாக மேலெழும்பித் தண்ணீரிலேயே விட்டுவிடும். ஒரே நாளில் குஞ்சு வெளியே! அப்போது அதற்கு வாயே திறந்திருக்காது!

எனக்கு வாய் பிளந்துபோன சங்கதி இனிமேல்தான். இந்த மீனைப் போலவே வேஷம் கட்டும் இன்னொரு மீன் உண்டு, தெரியுமா? சர்ஜன் மீன் வகை ஒன்றின் குஞ்சு! அதே சாம்பல், அதே ஆரஞ்சுக் கோடு, அதே கறுப்பு வால்! வளர வளர வேஷம் கலைந்து கரும்பழுப்பாகிவிடும்; 25 செ.மீ. வரை வளரும். பசிபிக்கில் அதன் உறவுக்கார மீன் இன்னும் கில்லாடி! மஞ்சள் ஏஞ்சல் இருக்கும் இடத்தில் மஞ்சள் வேஷம், வேறு ஏஞ்சல் இருந்தால் அந்த வேஷம்!

ஏன் இந்த நடிப்பு? ஏஞ்சல் சட்டென்று இடுக்கில் புகுந்துவிடும். முள்ளும் உண்டு. துரத்துவது வீண் என்று பெரிய மீன்கள் விட்டுவிடும், அந்தச் சலுகை டூப்புக்கும் கிடைக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? கன்னத்தைப் பாருங்கள்! செவுள் மூடியின் கீழ்முனையில் பின்னோக்கி நீட்டிய கூர்முள் இருந்தால் ஏஞ்சல். டூப்புக்கு எல்லாம் வந்தது, அந்த முள் மட்டும் வரவில்லை!