புது பைக்ல துருவா? வாரண்டியை விட்டுடாதீங்க!

இஎம்ஐ பாதிகூட முடியல, அதுக்குள்ள சைலன்சர்லயும் ஃபிரேம்லயும் துரு. புதுச்சேரி மாதிரி கடலோர ஊர்ல இது பலரோட புலம்பல். "உப்புக் காத்து சார், வாரண்டில வராது"ன்னு சர்வீஸ் சென்டர்ல சொன்னதும் திரும்பி வந்துடாதீங்க. நாளைக்கு வண்டியை விற்கும்போது இந்தத் துருவுக்குத்தான் விலையைக் குறைப்பாங்க.

முதல்ல வாரண்டி புக்கைப் படிங்க. உப்புக் காற்றால் வரும் துருவைப் பல கம்பெனிகள் விலக்கியிருக்கும். ஆனா பெயின்ட், பிளேட்டிங் சரியில்லாம வந்த துரு வேற கதை. பெயின்டுக்கு அடியில் கொப்புளம் கிளம்பினாலோ, வெல்டிங் ஓரத்தில் மட்டும் துரு பிடிச்சாலோ தயாரிப்புக் குறைன்னு வாதாடலாம்.

1. தேதியோட போட்டோ எடுங்க. நீங்களே தேய்ச்சு பெயின்ட் அடிச்சா ஆதாரம் போச்சு.

2. ஃப்ரீ சர்வீஸைத் தவறவிடாதீங்க. ஜாப் கார்டில் துருன்னு எழுத வெச்சு, காப்பி வாங்குங்க.

3. மறுத்தா, காரணத்தை இமெயிலில் கேளுங்க. கம்பெனிக்கும் அனுப்புங்க.

4. பதில் இல்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

5. கடைசியா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி, பிரச்னை எழுந்து 2 வருஷத்துக்குள் புகார் தரணும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரைன்னா கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

வாயால சொன்னது காத்தோட போயிடும். எழுத்துல இருக்கிறதுதான் உங்க காசைக் காப்பாத்தும்.