அறுபது பேரின் வைராக்கியம்

மனத்தை அமைதிப்படுத்தி அமர்வதும், எடுத்த காரியத்தை விடாப்பிடியாக முடிப்பதும் ஒன்றுக்கொன்று பகையா? மாத்தளையின் அலுவிகாரை சொல்லும் பதில்.

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைப் பக்கமாக ஏ9 வீதியில் ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் போனால் வீதியோரத்திலேயே பெரும் பாறைகள் தெரியும். ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும் அந்தப் பாறைகளின் இடுக்குகளில் குகைகள். அதுதான் அலுவிகாரை. பௌத்தர்களின் மறைநூலான திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்டது இங்கேதான் என்பது மரபு. காலம் கி.மு. முதலாம் நூற்றாண்டு. ஆட்சியில் இருந்தவன் வலகம்பா என்று அழைக்கப்படும் வட்டகாமணி அபயன். எழுதியவர்கள் ஐந்நூறு பிக்குகள் என்பார்கள். எழுத்துப் பணியை மகாவம்சம் குறிப்பிடுகிறது. இடம் மாத்தளையின் அலுவிகாரை என்று சொல்வது 14ஆம் நூற்றாண்டு நூலான நிகாய சங்கிரகம்.

பாடசாலையில் இதைப் படித்தவர்கள் பலர். எழுதுவதற்கு முன் நடந்ததைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. மனதை ஒருநிலைப்படுத்தும் பயிற்சியையும் குறிக்கோளை எட்டும் உறுதியையும் பற்றி இன்று எத்தனையோ பேர் பேசுகிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் முன்னால் வைக்கத்தக்க கதை அது.

பஞ்சத்தில் ஓதியவர்கள்

வலகம்பா அரியணை ஏறிய சில மாதங்களிலேயே நாடு குலைந்தது. உள்ளே பிராமண திஸ்ஸனின் கலகம். வெளியே தென்னிந்தியாவிலிருந்து படையெடுப்பு. அரசன் மலைநாட்டில் தலைமறைவானான். கூடவே கடும் பஞ்சம். அதுவரை திரிபிடகம் முழுவதும் மனித நினைவில்தான் இருந்தது. நீண்ட சூத்திரங்களை ஒரு குழுவும் நடுத்தரச் சூத்திரங்களை இன்னொரு குழுவுமாகப் பிக்குகள் பங்கிட்டு மனனம் செய்து, தினமும் ஓதிக் காத்துவந்தார்கள். ஓதுகிறவர் செத்தால் அவர் சுமந்த நூலும் சாகும்.

பலர் கடல் கடந்து இந்தியாவுக்குப் போனார்கள். அறுபது பிக்குகள் மட்டும் போகவில்லை. மலைநாட்டில் தங்கி, கிழங்கும் இலையும் தின்று உயிர் வாழ்ந்தார்கள். திரிபிடகத்தின் ஒரு தொகுதியான அங்குத்தர நிகாயத்தின் பழைய உரை அவர்களைப் பற்றிச் சொல்கிறது: உடம்பில் தெம்பிருந்தபோது உட்கார்ந்து ஓதினார்கள். உட்கார முடியாதபோது மணலைக் குவித்து அதில் தலை சாய்த்துப் படுத்தபடி ஓதினார்கள். இப்படிப் பன்னிரண்டு ஆண்டுகள். பஞ்சம் தீர்ந்து இந்தியாவிலிருந்து எழுநூறு பேர் திரும்பி வந்தார்கள். இரு சாராரும் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தபோது பாடம் பிசகாமல் இருந்தது என்கிறது உரை.

இதை வெறும் வீரக் கதையாக வாசித்தால் பாதியைத்தான் வாசித்தவர்களாவோம். அந்த அறுபது பேர் பன்னிரண்டு ஆண்டுகளையும் ஒரே மூச்சில் சுமக்கப் பார்க்கவில்லை. அன்றைக்கு உரிய பகுதியை அன்றைக்கு ஓதினார்கள். பசி இருந்தது, பசியோடு ஓதினார்கள். நாளை என்னாகும் என்ற பயமும் இருந்திருக்கும். அந்தப் பயத்துக்குக் கவனத்தைப் பறிகொடுத்திருந்தால் சொல் தப்பியிருக்கும். உறுதி இல்லாவிட்டால் ஓத உட்கார்ந்திருக்கவே மாட்டார்கள். அமைதி இல்லாவிட்டால் உட்கார்ந்தும் பயனிருந்திருக்காது.

மை தடவும்வரை தெரியாத எழுத்து

அலுவிகாரைக்குப் போகிறவர்களுக்கு இன்றும் ஏட்டில் எழுதிக் காட்டுகிறார்கள். தாளிப்பனையின் விரியாத குருத்தோலையை எடுத்து, வேகவைத்து, காயவைத்து, தேய்த்து வழவழப்பாக்கி, அளவாக நறுக்குவார்கள். அதன்மேல் எழுத்தாணியால் கீறுவார்கள். கீறும்போது எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கரியும் எண்ணெயும் கலந்த மையைத் தடவித் துடைத்த பிறகுதான் கோடுகளில் கறுப்பு ஏறி வரி தெளியும். கை அவசரப்பட்டால் ஓலை கிழியும். பிழையாகக் கீறியதை அழித்துத் திருத்தவும் வழியில்லை.

பலன் கண்ணில் படாத வேளையிலும் கை நடுங்காமல் அடுத்த எழுத்துக்குப் போகவேண்டிய வேலை அது. உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு வருடம் படிக்கும் பிள்ளைக்கும், தையல் பழகும் பெண்ணுக்கும், கடனில்லாமல் ஒரு சிறு கடை போட நினைக்கும் இளைஞனுக்கும் முதல் பல மாதங்கள் இப்படித்தான் கழியும். உழைப்பு இருக்கும், அடையாளம் இருக்காது. அந்த இடைவெளியில்தான் பெரும்பாலானவர்கள் கைவிடுகிறார்கள். அறிவு போதாமல் விடுகிறவர்களைவிட, பதற்றம் தாங்காமல் விடுகிறவர்களே அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

அலுவிகாரையின் கதையும் ஒரே வெற்றியோடு முடியவில்லை. 1848இல் மாத்தளையில் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்கியபோது நூற்றாண்டுகளாகச் சேர்த்த ஏட்டுச் சுவடிகள் அழிந்துபோயின. பின்னாளில் மறுபடியும் ஓலை நறுக்கி, எழுத்தாணி எடுத்து எழுதத் தொடங்கினார்கள். அந்தப் பணி பல பத்தாண்டுகள் நீண்டது.

முறுக்கவும் வேண்டாம், தளர்த்தவும் வேண்டாம்

விகாரையின் குகைகளில் ஒன்று புத்தகோசருக்கு உரியது. 5ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்து, அநுராதபுர மகாவிகாரையில் தங்கி, சிங்கள உரைகளைப் பாளியில் ஆக்கிய பேரறிஞர் அவர். காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைத் தம் உரை ஒன்றின் முடிவில் அவரே குறிப்பிடுவதால் தமிழகத்துக்கும் அவர் உறவினர்தான். அவருடைய விசுத்திமக்கம் தியானப் பயிற்சிக்கான பெருநூல். நம் கேள்விக்கு அதில் நேரடியான விடை இருக்கிறது. முயற்சி மிஞ்சி ஒருமை குறைந்தால் மனம் அலையும். ஒருமை மிஞ்சி முயற்சி குறைந்தால் சோம்பல் பிடிக்கும். இரண்டையும் சமமாக வைத்திருக்கவேண்டும். எது கூடுகிறது, எது குறைகிறது என்று பார்த்துச் சொல்லும் விழிப்பு எப்போதும் வேண்டும்.

இந்தக் கருத்தின் வேர் புத்தரிடமே இருக்கிறது. செல்வக் குடும்பத்தில் பிறந்து துறவியான சோணன், பாதத்தில் இரத்தம் கசியும்வரை நடந்து நடந்து தியானம் செய்தான். பலன் இல்லை. வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்தான். முன்பு நீ வீணை வாசித்தவன்தானே என்று கேட்ட புத்தர், நரம்பை இறுக்கினாலும் தளர்த்தினாலும் இசை வராது என்பதை அவன் வாயாலேயே சொல்லவைத்தார். முயற்சியை விடும்படி அவர் சொல்லவில்லை. அளவு பார்த்துச் செய்யச் சொன்னார். தேரவாத மரபு போற்றும் பத்துப் பாரமிதைகள் என்னும் நற்பண்புகளில் முயற்சி, பொறுமை, மனவுறுதி, சமநிலை ஆகிய நான்கும் ஒரே வரிசையில் நிற்பதன் பொருளும் இதுதான்.

பர்மாவிலிருந்து வந்து 1969இல் இந்தியாவில் விபாசனா தியான முகாம்களைத் தொடங்கிய சத்திய நாராயண கோயங்கா இந்த இணைப்பை நடைமுறைப் பயிற்சியாகவே வைத்தார். அவர் வகுத்த பத்து நாள் முகாமில் முதல் நாட்கள் மூச்சைக் கவனிப்பதில் போகும். பிறகு, ஒரு மணி நேரம் கை, கால் அசைக்காமல், கண் திறக்காமல் அமரும் உறுதி அமர்வுகள் உண்டு. கால் மரத்துப்போகும், நகர்த்தச் சொல்லி மனம் கெஞ்சும். அந்தக் கெஞ்சலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதுதான் பயிற்சி.

ஆய்வு சொல்லும் எச்சரிக்கை

தியானம் செய்தால் எல்லாம் தானாக நடக்கும் என்று விற்கிறவர்கள் இன்று ஏராளம். அவர்களுக்கு மறுமொழியாக ஓர் ஆய்வு இருக்கிறது. ஆண்ட்ரூ ஹாஃபன்பிராக், கத்லீன் வோஸ் ஆகிய இருவரும் 2018இல் வெளியிட்ட கட்டுரையின்படி, சிறிது நேரம் தியானித்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலையைச் செய்யும் ஆர்வம் குறைந்தது. ஆனால் செய்த வேலையின் தரம் குறையவில்லை. எதிர்காலத்தைப் பற்றிய நினைப்பு தணியும்போது அதை நோக்கி ஓடும் வேகமும் தணிகிறது. அதே வேளை கவலை விலகுவதால் கவனம் கூடுகிறது. ஆகவே அமைதிப் பயிற்சி தனியாக நம்மை ஓர் இலக்குக்குக் கொண்டுபோகாது. போகும் திசையைத் தனியாகத் தீர்மானித்தாகவேண்டும்.

எப்படித் தீர்மானிப்பது? உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய கட்டுரை இங்கே உதவும். நன்றாகப் படிக்கவேண்டும் என்று பொதுவாக நினைப்பவரைவிட, எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே குறித்துக்கொள்பவர் காரியத்தை முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று அவர் காட்டினார்.

நமக்கு இது புதிதா? பூசை தொடங்கும்போது குருக்கள் செய்விக்கும் சங்கற்பத்தை நினைத்துப் பாருங்கள். காலம், இடம், செய்பவரின் பெயர், நட்சத்திரம், செய்யப்போகும் காரியம் எல்லாம் சொல்லப்பட்ட பிறகே பூசை நடக்கிறது. மாசி மகத்தில் ஐந்து தேர்கள் வலம்வரும் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் அடியார்களுக்கு விரதமும் நேர்த்தியும் பழகிய வழிகள். விரத நாட்களில் சாப்பாடு குறைகிறது, பேச்சு குறைகிறது, கோபத்தை அடக்கிக்கொள்கிறோம். அதே நாட்களில் நேர்ந்ததை முடித்தே தீரவேண்டும் என்ற வைராக்கியம் ஏறுகிறது. அமைதியையும் உறுதியையும் நம் பாட்டிமார் ஒரே விரதத்தில்தான் கடைப்பிடித்தார்கள்.

அமைதி என்பது அடங்கிப்போவதல்ல

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். மனதை அமைதியாக வைத்துக்கொள் என்ற அறிவுரை சில வேளைகளில் ஏழைகளின் வாயை அடைக்கப் பயன்படுகிறது. தோட்டத்துத் தாய் ஒருத்தியிடம், சம்பளத்தைப் பற்றிக் கவலைப்படாமல் மூச்சைக் கவனி என்று சொல்வது அநியாயம்.

அமைதி அடங்கிப்போவதல்ல என்பதற்கு நம் தோட்ட மக்களின் வரலாறே சாட்சி. மன்னாரில் கரையேறி, வடக்குப் பாதையில் காடுகளூடாக நடந்து மாத்தளைக்கு வந்த நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் வழியிலேயே மாண்டார்கள். பிழைத்தவர்கள் கோப்பித் தோட்டங்களை உண்டாக்கினார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். 1952இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சத்தியாக்கிரகத்தில் இறங்கியது. இன்னும் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கிய சட்டம் வந்தது 2003இல். ஐம்பத்தைந்து ஆண்டுகள்! கோபம் மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு காலம் தாங்கியிருக்காது. வெறும் பொறுமை மட்டும் இருந்திருந்தால் சட்டம் வந்திருக்காது.

அன்றாடத்தில் என்ன செய்யலாம்?

ஒரே நேரத்தில் பத்துக் குறிக்கோள் வேண்டாம், ஒன்று போதும். அதை நேரம், இடம் குறித்து ஒரு தாளில் எழுதுங்கள். "இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவியதும், சமையலறை மேசையில், இரசாயனவியல் ஒரு பாடம்" என்ற அளவுக்குத் துல்லியமாக இருக்கட்டும். வேலையைத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் கைத்தொலைபேசியைத் தள்ளிவைத்துவிட்டு மூச்சு வந்துபோவதைக் கவனியுங்கள். மனம் ஓடினால் திட்டவேண்டாம். ஓடியது தெரிந்தவுடன் திரும்ப அழைத்துக்கொண்டால் சரி. பிறகு எழுதியதை ஒருமுறை வாசித்துவிட்டுத் தொடங்குங்கள்.

படுக்கப்போகும் முன் ஒரு கேள்வி: இன்று முறுக்கினேனா, தளர்த்தினேனா? உடம்பு எரிந்து தூக்கம் கெட்டால் நாளைக்கு அளவைக் குறையுங்கள். சும்மா உட்கார்ந்தே பொழுது போயிருந்தால் கூட்டுங்கள். ஒருநாள் தவறிவிட்டால் அடுத்த நாள் இரண்டு மடங்கு செய்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அன்றைக்கு உரியதை அன்றைக்குச் செய்யுங்கள். மனச்சோர்வு நாள்கணக்கில் நீங்காமல் இருந்தால் வைத்தியரைப் பார்ப்பதும் உறுதியின் பகுதிதான்.

இவ்வளவும் ஒருவர் தனியாகச் செய்யக்கூடியவை. ஆனால் அந்த அறுபது பிக்குகளும் தனியாள்கள் அல்ல. பக்கத்தில் ஓதும் குரல் ஒவ்வொருவருக்கும் இருந்தது. ஏட்டில் எழுதியவர்களுக்குக் குகையின் ஒதுக்கம் இருந்தது. உள்ளூர்த் தலைவன் ஒருவனின் பாதுகாப்பும் இருந்தது. றத்தோட்டையிலோ எல்கடுவையிலோ லயக் காம்பராவில் ஆறேழு பேரோடு வாழும் பிள்ளைக்கு ஐந்து நிமிட அமைதி எங்கே கிடைக்கும்? அந்தப் பிள்ளையிடம் ஒருமையைப் பற்றிப் பேசுவதற்கு முன், உட்கார ஓர் இடம் கொடுக்கவேண்டியது பெரியவர்களின் கடமை. தோட்டத்துக் கோயில் மண்டபங்களும் வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் மாலையில் பூட்டிக் கிடக்கவேண்டியதில்லை. ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, நல்ல வெளிச்சம் போட்டு, தினமும் இரண்டு மணி நேரம் படிக்கிற பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். இதற்குப் பெரும் பணம் வேண்டாம். ஒரு சாவியும், பொறுப்பெடுக்க ஒருவரும், ஊரின் சம்மதமும் போதும். வரும் பாடசாலைத் தவணையிலிருந்தே இதைத் தொடங்கலாம்.