ஆடிக்காற்றும் மிதிவண்டியும்

நாமக்கல்லிலிருந்து திருச்சி, தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடி ஏறத்தாழ 250 கி.மீ. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் மிதித்தால் 17 மணி நேரம் ஆகும். இரண்டு மூன்று நாட்களாகப் பிரித்துக்கொண்டு, இறுதி இரவைக் கடலோரக் கீற்று விடுதியில் கழிக்கலாம். இப்பயணத்தில் நமக்கு உதவுவது எது, இடையூறு செய்வது எது?

பள்ளமா, காற்றா?

“கடலுக்குப் போவது இறக்கம்தானே, எளிது” என்று மாணவர்கள் சொல்வதுண்டு. கணக்கிட்டுப் பார்ப்போம். நாமக்கல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர் உயரத்தில் உள்ளது. 250 கி.மீ. தொலைவில் 200 மீட்டர் இறக்கம் என்றால், 1250 மீட்டருக்கு ஒரு மீட்டர்தான். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோகிராம் எனக் கொண்டால், இச்சரிவு நம்மை முன்னே இழுக்கும் விசை 0.7 நியூட்டன். சக்கரம் உருள்வதற்கான தடையோ 5 நியூட்டனுக்கும் மேல். பயணம் முழுவதிலும் சரிவு தரும் ஆற்றல் சுமார் 42 கிலோ கலோரி. நம் உடல் உணவின் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கையே வேலையாக மாற்றுகிறது. எனவே நாம் மிச்சப்படுத்துவது இரண்டு, மூன்று முட்டைகளின் சத்துதான்!

காற்றின் கதை வேறு. காற்றுத்தடை, நமக்கும் காற்றுக்கும் இடையேயுள்ள சார்பு வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று கிழக்கு நோக்கி வீசுகிறது. அதன் வேகம் மணிக்கு 10 கி.மீ. என்றும், நம் வேகம் 15 கி.மீ. என்றும் கொள்வோம். போகும்போது சார்பு வேகம் 5, திரும்பும்போது 25. ஐந்து மடங்கு வேகம், இருபத்தைந்து மடங்கு தடை! போகும்போது உற்சாகமாக மிதித்தவர், திரும்பும்போது வெயிலில் சோர்ந்து விழுவது இதனால்தான்.

இதற்கு இயற்கையே ஒரு வழி தருகிறது. இரவில் தரை குளிர்வதால் அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப் படிந்துவிடுகிறது. மேலே வீசும் வேகமான காற்று அதனுடன் எளிதில் கலப்பதில்லை. ஆகவே விடியற்காலையில் தரையருகே காற்று தணிந்திருக்கும். திரும்பும் பயணத்தின் பெரும்பகுதியைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

கீற்று விடுதியில் ஓர் இரவு

பயண மாணவர்களுக்கு எளிய விடுதி வேண்டும் என்ற எண்ணம் 1909-இல் ஜெர்மனியில் ரிச்சர்டு ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியருக்குத் தோன்றியது. 1912-இல் ஆல்டெனா கோட்டையில் இளைஞர் விடுதி திறக்கப்பட்டது. கோட்டை வேண்டியதில்லை, நம் ஊருக்குக் கீற்றுக் கொட்டகையே போதும். கீற்றுகளின் இடையே சிக்கிய காற்று வெப்பத்தை அரிதிற் கடத்துவதால் உள்ளே குளுமையாக இருக்கும்.

ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் வேண்டும். உலர்ந்த மணலுக்கு 0.8 ஜூல் போதும். மேலும் கடலில் வெப்பம் ஆழம்வரை கலந்துவிடும்; மணலில் மேற்பரப்பிலேயே தங்கிவிடும். பகலில் சூடேறிய நிலத்தின்மேல் காற்று எழ, கடலிலிருந்து குளிர்காற்று அவ்விடத்தை நிரப்ப வருகிறது. இதுவே கடற்காற்று. மேல்காற்று வலுத்த நாளில் இது தாமதமாகவே எழும். கிழக்கே செல்பவருக்கு இது எதிர்க்காற்று. எனவே நண்பகலுக்குள் கரையை அடைந்துவிடுங்கள். நள்ளிரவுக்குப்பின் நிலம் கடலைவிடக் குளிர்வதால், காற்று மேற்கிலிருந்து மெல்ல வீசும். விடுதியில் இருபுறமும் சன்னல் திறந்திருக்கட்டும்.

சேலத்து வெயிலில் வியர்வை உடனே உலர்கிறது. ஒவ்வொரு கிராமும் ஆவியாகும்போது சுமார் 2.4 கிலோ ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. கடலோர ஈரக்காற்றில் வியர்வை வழிந்து வீணாகுமே தவிர உடலைக் குளிர்விக்காது. வெப்பமானி குறைவாகக் காட்டினாலும் உடல் சூடேறும். தலைசுற்றல், குமட்டல் தோன்றினால் உடனே நிழலில் அமர்ந்து உடலை நனைத்து விசிறுங்கள். உப்பிட்ட மோர் அருந்துங்கள்.

வண்டிக்கும் குளியல்

அலைத்துளிகள் சுமந்து வரும் உப்பு சங்கிலியில் படிகிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அவ்வுப்பு தானே நீரை ஈர்த்துக் கரைசலாகும். இரும்பு துருப்பிடிக்க அதுவே போதும். கரையோர இரவுகளில் இந்த ஈரம் சாதாரணம். ஊர் திரும்பியதும் நன்னீரில் கழுவி, துடைத்து, எண்ணெயிடுங்கள். வண்டி அடுத்த ஆடிக்கும் ஓடும்.