விசாரித்துச் சொல்லும் கடமை

மக்கள் தொடர்பு என்னும் தொழில் முகஸ்துதிக்கு இட்ட புதுப்பெயர்தானே என்று என் நண்பர்கள் நகைப்பதுண்டு. தலைமையாசிரியனாக இருந்த எனக்கு அதில் உடன்பாடில்லை. பள்ளியில் நடப்பதைப் பெற்றோருக்கு எடுத்துரைப்பதும், அவர்தம் குறைகளைக் கேட்டறிவதும் இத்தொழிலின் சிற்றுருவமே அன்றோ?

அமெரிக்காவில் இத்தொழிலுக்கு ஓர் ஒழுங்கு வகுக்க முயன்றவர்களுள் ஐவி லீ என்பவர் முக்கியமானவர். பத்திரிகை நிருபராக இருந்தவர் அவர். 1906-ஆம் ஆண்டில் நிலக்கரிச் சுரங்க முதலாளிகளுக்காகப் பணியாற்றுகையில், பத்திரிகாசிரியர்களுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். எமது வேலை மறைவில் நடப்பதன்று. நாம் தரும் செய்தி பிழையற்றது. ஐயமுற்றவர் நேரில் சரிபார்க்க உதவுவோம் என்பது அதன் சாரம். விபத்து நேர்ந்தால் மூடி மறைப்பதே ரயில்வே கம்பெனிகளின் வழக்கமாயிருந்த காலம் அது. லீயோ நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துச் செல்லச் செய்தார்.

அதே மனிதரின் மற்றொரு முகத்தையும் காண வேண்டும். 1914 ஏப்ரல் 20 அன்று, கொலராடோ மாநிலத்து லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரின் கூடார முகாம் காவற்படையினரால் தாக்கப்பட்டுத் தீக்கிரையாயிற்று. கூடாரமொன்றின் அடியில் தோண்டிய பள்ளத்தில் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மாண்டனர். சுரங்கக் கம்பெனியில் பெரும்பங்கு வைத்திருந்த ராக்பெல்லர் குடும்பத்தார் லீயை அமர்த்தினர். அவர் நாடெங்கும் துண்டு வெளியீடுகளை அனுப்பினார். தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் ஓராண்டில் பெற்ற தொகையை அவற்றுள் ஒன்று 9 வாரத்து வரும்படியாகக் காட்டிற்று! அரசாங்க விசாரணைக் குழுவினர் கேட்டபோது, கம்பெனி நிர்வாகிகள் தந்த விவரங்களைத் தாம் ஆராயாமலே ஏற்றதாக லீ கூறினார்.

அறிந்தே பொய்யுரைத்தார் என்று குற்றஞ்சாட்ட நான் துணியவில்லை. ஆயினும் கணக்காசிரியர் ஒருவர் மாணவன் சொன்ன விடையை அப்படியே கரும்பலகையில் எழுதிவிட்டு, ‘அவன் சொன்னது, நான் என்ன செய்வேன்?’ என்றால் ஏற்போமா? வழக்கறிஞர்களும் ஒரு பக்கத்துக்காகவே பேசுகின்றனர் என்பார் உண்டு. உண்மை; ஆனால் நீதிமன்றத்தில் எதிர்த் தரப்பு வழக்கறிஞர் இருக்கிறார், நீதிபதி இருக்கிறார். பத்திரிகை படிப்பவனுக்கு எவர் இருக்கின்றனர்? அவன் பொருட்டு விசாரிக்கும் கடமை செய்தியை விடுப்பவரிடமே வந்து சேர்கிறது.

1965-இல் ஏதென்ஸ் நகரில் இத்தொழிலுக்கென ஒரு சர்வதேச நெறிமுறை வகுக்கப்பட்டது. 1968 ஏப்ரல் 21 அன்று புதுதில்லி மாநாட்டில் இந்தியத் தொழிலாளரும் அதனை ஏற்றனர். சரிபார்க்கத்தக்க உண்மையை ஆதாரமாகக் கொள்ளாத செய்தியைப் பரப்பலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. 1906-இல் லீ எழுதிக் கையெழுத்திடாத குறையாக வாக்களித்ததும் ஏறக்குறைய இதுவே.