போர்நிறுத்தமும் சமாதானமும்: இலங்கை கற்றுத்தரும் பாடங்கள்



ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு நாட்டில் போர்நிறுத்தம் கையெழுத்தானது, உலக நாடுகள் அதை வரவேற்றன என்று செய்தித்தாள்களில் அடிக்கடி வாசிக்கிறோம். சில மாதங்கள் கழித்து அதே நாட்டில் மீண்டும் சண்டை என்று இன்னொரு செய்தி வருகிறது. "வெளிநாட்டார் போய்ப் பேசி என்ன ஆகப்போகிறது?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். விடை தேடி ஆப்பிரிக்காவரை போக வேண்டியதில்லை. நமது விருதுநகர் மாவட்டத்திலேயே குல்லூர்சந்தை போன்ற முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களின் வாழ்க்கையில் அந்த விடையின் ஒரு பகுதி இருக்கிறது.

மிச்சமான மருந்து

பட்டாசு ஆலையில் வேலை செய்யும் நம் மக்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். மாலையில் வேலை நின்றுவிட்டால் ஆபத்தும் நின்றுவிட்டது என்று பொருளல்ல. அன்று கலந்த மருந்தை அன்றே தீர்த்துவிட வேண்டும். மிச்சம் வைத்தால், ஈரம் பட்டு உள்ளுக்குள்ளே சூடேறி, ஆள் தொடாமலே வெடிக்கக் கூடும். போர்நிறுத்தம் என்பது வேலையை நிறுத்துவது போன்றது. கலந்து வைத்த மருந்தைப் பத்திரமாக அப்புறப்படுத்தும் வேலைக்குத்தான் சமாதான முயற்சி என்று பெயர். முதலாவது ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும். இரண்டாவதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

2002ஆம் ஆண்டு நம்பிக்கை

இலங்கையில் 1983 முதல் நடந்த போர், 2002க்குள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்திருந்தது. இந்தியா 1987இல் செய்த ஒப்பந்தமும், அனுப்பிய அமைதிப்படையும் கசப்பில் முடிந்திருந்தன. பின்னர் நார்வே நாடு இரு தரப்புக்கும் இடையே அனுசரணையாளராக வந்தது. 2002 பிப்ரவரி 23 அன்று பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும், விடுதலைப் புலிகளின் தலைவர் வேலுப்பிள்ளை பிரபாகரனும் கையெழுத்திட்ட போர்நிறுத்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அதைக் கண்காணிக்க நார்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்தவர்கள் ஆயுதமின்றி வந்தார்கள்.

பலன் உடனே தெரிந்தது. யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. குண்டுச்சத்தம் ஓய்ந்தது. பல ஆண்டுகளாகப் பிரிந்திருந்த குடும்பங்கள் சந்தித்துக்கொண்டன. தமிழகத்து முகாம்களில் இருந்தவர்களில் பலர் ஊர் திரும்பினார்கள். தாய்லாந்து, நார்வே, ஜெர்மனி, ஜப்பான் என்று ஆறு சுற்றுப் பேச்சுவார்த்தைகள் நடந்தன. 2002 டிசம்பரில் ஆஸ்லோவில், ஒன்றுபட்ட இலங்கைக்குள் கூட்டாட்சி முறையில் தீர்வு காண்பதை ஆராய இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. 2003 ஜூனில் டோக்கியோவில் கூடிய மாநாட்டில், ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளும் பன்னாட்டு அமைப்புகளும் 450 கோடி டாலர் உதவி தருவதாக வாக்களித்தன. நார்வே, ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவை இணைத் தலைமை ஏற்றன. இதைவிடப் பெரிய உலக ஆதரவு வேறு எந்தச் சமாதான முயற்சிக்குக் கிடைக்கும் என்றுதான் அன்று எல்லாரும் நினைத்தோம்.

எங்கே தவறியது?

முதலாவதாக, மேசையில் எல்லாருக்கும் இடம் இல்லை. 1990இல் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்குத் தனித் தரப்பாக அமர இடம் தரப்படவில்லை. அன்றைய குடியரசுத் தலைவர் சந்திரிகா குமாரதுங்க வேறு கட்சியைச் சேர்ந்தவர். அவரையும் சேர்த்துக்கொண்டு உடன்படிக்கை உருவாகவில்லை. 2003 நவம்பரில் அவர் மூன்று முக்கிய அமைச்சுகளைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டதும் பிரதமரின் கை கட்டப்பட்டது.

இரண்டாவதாக, கண்காணிப்பாளர்களால் பார்க்கவும் எழுதவும் மட்டுமே முடிந்தது. சிறுவர்களைப் படையில் சேர்த்தது உட்பட பல மீறல்களை அவர்கள் பதிவு செய்தார்கள். தடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. 2005 ஆகஸ்டில் வெளியுறவு அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டபோதும் போர்நிறுத்தம் தாளில் இருந்தது.

மூன்றாவதாக, ஆதரவு தந்தவர்களின் குரல் ஒன்றாக இல்லை. 2003 ஏப்ரலில் வாஷிங்டனில் நடந்த உதவி நாடுகளின் கூட்டத்துக்கு, அமெரிக்கத் தடை காரணமாகப் புலிகள் அழைக்கப்படவில்லை. அதே மாதம் 21ஆம் தேதி அவர்கள் பேச்சுவார்த்தையிலிருந்து விலகினார்கள். டோக்கியோ மாநாட்டுக்கும் வரவில்லை. 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தது. உடனே, ஒன்றியத்தைச் சேர்ந்த சுவீடன், டென்மார்க், பின்லாந்து நாட்டுக் கண்காணிப்பாளர்கள் வெளியேற வேண்டும் என்று புலிகள் கேட்க, அவர்களும் போய்விட்டார்கள். பணம் இருந்தது, மாநாடுகள் இருந்தன. அதிகாரத்தை எப்படிப் பகிர்வது என்ற அடிப்படைக் கேள்வி மட்டும் தொடப்படாமலே கிடந்தது. அதுதான் அந்த மிச்சமான மருந்து.

2006இல் போர் மீண்டும் மூண்டது. ஆயிரக்கணக்கானோர் படகேறி இராமேசுவரம் வந்தார்கள். திரும்பிப் போனவர்களில் சிலரும் அவர்களோடு மறுபடி அகதியாக வந்தார்கள். 2008 ஜனவரி 16 அன்று அரசு உடன்படிக்கையிலிருந்து முறைப்படி விலகியது. அந்த ஏப்ரலில் மடு அன்னையின் திருவுருவத்தையே பாதுகாப்புக்காகத் திருத்தலத்திலிருந்து வேறிடம் கொண்டுபோக நேர்ந்தது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்த அந்தப் போரின் இறுதி மாதங்களில், நாற்பதாயிரம் பொதுமக்கள்வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011இல் கூறியது. அந்நேரத்தில் மக்களைக் காப்பாற்றத் தான் தவறிவிட்டதை 2012இல் ஐ.நா.வின் சொந்த ஆய்வுக்குழுவே எடுத்துரைத்தது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், 2011 ஜனவரியில் அரசு விசாரணை ஆணையத்தின் முன் நின்று, அரசின் கணக்குகளையே எடுத்துக்காட்டி, 1,46,679 பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டார். அவர் 2021இல் இறைவனடி சேர்ந்தார். அவர் கேட்ட கேள்விக்கு நிறைவான பதில் வரவில்லை.

மொசாம்பிக் காட்டிய வழி

அப்படியானால் வெளியார் முயற்சி எல்லாம் வீண்தானா? இல்லை. ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாட்டைப் பாருங்கள். அங்கே 1977 முதல் நடந்த உள்நாட்டுப் போரிலும் பஞ்சத்திலும் ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் மாண்டார்கள். உரோமையிலுள்ள சான் எஜிதியோ என்னும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் குழுமம், அரசையும் ரெனாமோ கிளர்ச்சியாளர்களையும் ஒரே மேசையில் அமர்த்தியது. அந்நாட்டின் பெய்ரா பேராயர் ஜெய்மே கொன்சால்வெஸ், இன்று கர்தினாலாக இருக்கும் மத்தேயோ சுப்பி ஆகியோர் நடுவர்களில் இருந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையாகப் பேசி, 1992 அக்டோபர் 4 அன்று, அசிசி நகர் புனித பிரான்சிஸ் திருநாளில், ஒப்பந்தம் கையெழுத்தானது.

அதற்குப் பின் நடந்ததுதான் முக்கியம். ஐ.நா. அமைதிப்படை ஆயிரக்கணக்கில் வந்தது. இரு தரப்பு வீரர்களும் முகாம்களில் கூடி ஆயுதங்களை ஒப்படைத்தார்கள். வீடு திரும்பியவர்கள் பிழைப்பைத் தொடங்கப் பண உதவி பெற்றார்கள். கிளர்ச்சிப் படை அரசியல் கட்சியாக மாற உதவி கிடைத்தது. அதன்பிறகே, 1994இல், தேர்தல் நடந்தது. பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் நாடு திரும்பினார்கள். அங்கேயும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 2013இல் மோதல் மீண்டும் தலைகாட்டியது. 2019இல் புதிய ஒப்பந்தம் தேவைப்பட்டது. நாட்டின் வடக்கே 2017இல் வேறொரு வன்முறை தொடங்கியது. என்றாலும் பழைய பெரும்போர் அந்த அளவில் திரும்பி வரவில்லை.

இரண்டையும் ஒப்பிட்டால் உண்மை விளங்கும். சமாதானத்தை வெளியார் கொண்டுவந்து கொடுக்க முடியாது. ஆனால் சண்டையிடுவோர் தாங்களே சமாதானத்தை விரும்பும்போது, அது கலையாமல் நிற்க வெளியார் முட்டுக் கொடுக்க முடியும். அந்த முட்டு உறுதியாகவும், ஒரே குரலாகவும், கையெழுத்துக்குப் பிறகும் நீடிப்பதாகவும் இருக்க வேண்டும். மக்களின் காயத்தை மேலோட்டமாகக் கட்டிவிட்டு எல்லாம் நலம் என்று சொன்னவர்களை இறைவாக்கினர் எரேமியா கடிந்துகொண்டது இதற்காகத்தான்.

நாம் என்ன செய்யலாம்?

தமிழகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இலங்கைத் தமிழர்கள் வாழ்கிறார்கள். 2021இல் தமிழக அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயரிட்டது. ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்கும் குடியுரிமை எட்டாக்கனியாகவே இருக்கிறது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை.

எனவே முதலில், நம் அருகிலுள்ள முகாம் குடும்பங்களை அறிந்துகொள்வோம். அவர்கள் பிள்ளைகளின் படிப்பிலும் திருமணத்திலும் துக்கத்திலும் பங்கெடுப்போம். தீபாவளி நாட்களில் நாம் மகிழ்ந்து கேட்கும் வெடிச்சத்தம், குண்டுவீச்சைக் கண்டவர்களுக்கு வேறொன்றை நினைவூட்டலாம். அந்த எண்ணம் நமக்கு இருக்கட்டும்.

இரண்டாவது, போரைப் பற்றிப் பேசும்போது நாவை அடக்குவோம். தொலைவில் பாதுகாப்பாக இருந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் அடித்திருக்க வேண்டும்" என்று எந்தத் தரப்புக்கும் சொல்லாதிருப்போம்.

மூன்றாவது, உலகில் எங்கேனும் போர்நிறுத்தம் என்ற செய்தி வரும்போது ஏளனம் செய்யாமல் செபிப்போம். 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் தென்சூடான் தலைவர்களின் காலடியில் மண்டியிட்டுப் பாதங்களை முத்தமிட்டார். அந்நாடு இன்னும் தடுமாறுகிறது. ஆனாலும் குண்டுகள் ஓய்ந்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு குழந்தை பள்ளிக்குப் போகும் நாள். 2002இல் கிடைத்த அந்தச் சில ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அப்படி எத்தனையோ குழந்தைகள் போனார்கள். அமைதி ஏற்படுத்துவோர் பேறுபெற்றோர் என்று ஆண்டவர் சொன்னதை மனத்தில் கொண்டு, அந்த நாட்கள் நீளும்படி மன்றாடுவோம். இறையாசீர் உங்களோடு இருப்பதாக.