இணையப் படிவமும் உம்மம்மாவின் குடும்பமும்

பல்கலைக்கழக அனுமதி தொடங்கிப் பல விண்ணப்பங்களை இன்று இணையத்திலேயே நிரப்புகிறோம். ஒரு பொத்தானை அழுத்தியதும் சில பெட்டிகள் மட்டும் வெறுமையாகின்றன. எந்தப் பெட்டிகள் என்று கணினிக்கு எப்படிச் சொல்வது? அதற்கு உதவுவதே தெரிவி. ஜோன் ரெசிக் 2006 இல் வெளியிட்ட ஜேகுவெரி என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் இவ்வேலையை இலகுவாக்கியது.

உம்மம்மாவின் பிள்ளைகள் என்றால் உம்மா, சாச்சி, மாமா ஆகியோர் மட்டுமே. உம்மம்மாவின் வழிவந்தோர் என்றால் பேரப்பிள்ளைகளாகிய நாமும் சேர்வோம். இணையப் பக்கமும் இப்படித்தான். 'ஃபோர்ம்' உம்மம்மா என்றால், அதனுள் பகுதிகளைப் பிரிக்கும் 'ஃபீல்ட்செட்' பிள்ளை; அதற்குள் இருக்கும் 'இன்புட்' பெட்டி பேரப்பிள்ளை.

ஒரு படிவத்தில் நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி என இரு ஃபீல்ட்செட்டுகள் உள்ளன என்று வைப்போம். தற்காலிக முகவரியை மட்டும் அழிக்க வேண்டும்.

'ஃபோர்ம் > இன்புட்' என எழுதினால் நேரடிப் பிள்ளைகளை மட்டுமே தேடும். பெட்டிகளோ பேரப்பிள்ளைகள், ஒன்றும் அகப்படாது. ஜேகுவெரி பிழைச் செய்தியும் தராது, மௌனமாக இருந்துவிடும்.

'ஃபோர்ம் இன்புட்' என இடைவெளி மட்டும் விட்டால் வழிவந்தோர் அனைவரும் அகப்படுவர். நிரந்தர முகவரியும் அழிந்துபோகும்.

சரியான வழி, இரண்டாவது ஃபீல்ட்செட்டுக்கு 'தற்காலிகம்' என்று ஓர் ஐடி கொடுத்து, '#தற்காலிகம் :இன்புட்' என எழுதுவதாகும். தேடல் அந்த ஒரு வீட்டுக்குள்ளேயே நிற்கும். முன்னால் உள்ள முக்காற்புள்ளியும் முக்கியம். அது இல்லாவிட்டால் இன்புட் பெட்டிகள் மட்டுமே தெரிவாகும். மாவட்டத்தைத் தெரிவுசெய்யும் 'செலக்ட்' பட்டியல் விடுபட்டுவிடும். முக்காற்புள்ளி இட்டால் அதுவும் சேரும். எத்தனை அகப்பட்டன என்பதை 'லெங்த்' மூலம் எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இது சின்ன விடயமா? நமது நாட்டில் பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு உண்டு. அம்பாறை என்றிருக்க வேண்டிய இடத்தில் வேறொரு மாவட்டம் நின்றுவிட்டால், பாதிக்கப்படுவது ஒரு மாணவியின் எதிர்காலம். ஆகவே சகோதரிகளே, படிவம் அமைப்பவர் ஒவ்வொரு பெட்டியின் உறவுமுறையையும் அறிந்திருக்க வேண்டும். பெற்றோர்களே, பிள்ளையின் படிவத்தை அனுப்புமுன் மாவட்டத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.