மீண்டும் மீண்டும் வருங் காய்ச்சல்

காய்ச்சல் தனியொரு நோயன்று, நோயின் குறியேயாம். எமது கல்முனைக் கரையோரத்தில் மாரிகாலத்தே பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், டெங்கோ வேறு தொற்றோ என ஐயுறுவது முறையே. ஆயின் தொற்று யாதுமின்றியே காய்ச்சலுறும் குழந்தைகளும் மிக அருகி உளர். பகைவன் வாராதபோதும் அவர்தம் உடலின் பிறவிக் காவல் போர் தொடுக்கின்றது. இத்தகைய பரம்பரை நோய்களுக்குத் 'தன்னழற்சி நோய்கள்' என்னும் பொதுப்பெயர் 1999 இல் வழங்கலாயிற்று.

இவற்றுள் நன்கறியப்பட்டது மத்தியதரைக் குடும்பக் காய்ச்சலாகும். துருக்கியர், ஆர்மீனியர், அராபியர், யூதர் ஆகியோரிடையே இது மிகுதி. இதற்குரிய பரம்பரையலகு 1997 இல் கண்டறியப்பட்டது. பெரும்பாலும் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற அலகைப் பெறும் பிள்ளைக்கே இது தோன்றும். இருவரும் அதனைத் தாங்கியோராயின், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கிலொன்று. மச்சான் மச்சாள் மணம் வழக்கிலுள்ள நம்மவர் இக்கணக்கை அறிந்திருத்தல் நன்று. இவ்வினத்துள் வேறு சில நோய்கள் பெற்றோருள் ஒருவரிடமிருந்தே வருவன.

இனி, அறியும் வழி யாது? நாட்கணக்கே முதற் குறி. மத்தியதரைக் காய்ச்சல் ஒன்று முதல் மூன்று நாளில் தானே தணியும். வேறு சில ஒரு வாரமும் அதற்கு மேலும் நீடிக்கும். வயிற்றுநோ, நெஞ்சுநோ, மூட்டுவீக்கம், தோற்றடிப்பு ஆகியன உடன் வரலாம். நுண்ணுயிர் எதிரி மருந்துகள் பயன்தரா. காய்ச்சலின்போது சீ.ஆர்.பீ. என்னும் குருதிச் சோதனை உயர்ந்து நிற்கும். இடைநாட்களிலோ பிள்ளை பெரும்பாலும் நலமாய் ஓடி விளையாடும். இதனாலேயே பலர் ஏமாறுகின்றனர். பிறந்த நாள்தொட்டுத் தடிப்பு நீங்காதிருத்தலும், குளிர்பட்டால் உடல் தடித்தலும் இவ்வினத்துள் வேறொரு நோயைச் சுட்டும்.

நோயை அறியாதுவிடின் அழற்சிப் புரதம் ஆண்டுக்கணக்கிற் சிறுநீரகத்திற் படிந்து அதனை அழித்துவிடவுங் கூடும். இதனைத் தடுக்கும் மருந்தோ எளியது. கொல்சிசீன் இந்நோய்க்கு உதவுமென்பது 1972 இல் வெளியிடப்பட்டது. நம் வேலிகளிற் படரும் கார்த்திகைப்பூக் கொடியின் விதையிலும் கிழங்கிலும் இதுவே உண்டு. தமிழ்நாட்டில் திண்டுக்கல், திருப்பூர்ப் பகுதிகளில் விதைக்காகவே அதனைப் பயிரிடுகின்றனர். ஆயின் அக்கிழங்கு கொடிய நஞ்சு, உண்டோர் இறந்துபடவுங் கூடும். மருத்துவர் அளந்து தரும் மாத்திரையே மருந்தாகும்.

ஆசிரியர்க்கும் ஈண்டு ஒரு கடமை உண்டு. மாதந்தோறும் ஓரிரு நாள் வாராத பிள்ளையைச் சோம்பேறி எனக் கடிவதன் முன், வரவு இடாப்பைப் புரட்டுக. பெற்றோர் காய்ச்சல் தொடங்கிய நாள், நீங்கிய நாள், உடன்வந்த குறிகள் ஆகியவற்றைக் கொப்பியில் எழுதி, குழந்தை மருத்துவ நிபுணரிடங் காட்டுதல் வேண்டும். அரிய நோயை அறிதற்குப் பல வேளைகளில் அச்சிறு கொப்பியே வழிகாட்டும்.